கொழும்பு எத்தனை?

கொழும்பில் பெயரைக் கேட்ட கையோடு "கொழும்பு எத்தனை?" என்று கேட்கிறார்கள். ஏழு என்றால் ஒரு மரியாதை. பன்னிரண்டு என்றால் ஒரு "ஆ...". சம்பந்தம் பேசும்போதும் இதுதான், வேலை கேட்டுப் போகும்போதும் இதுதான். நம் பிள்ளைகளும் இதைக் கேட்டுக் கேட்டே வளர்கிறார்கள்.

தபால் இலக்கம் யாருடைய குணத்தையும் சொல்லாது. ஆனால் வீடு இருக்கும் விதம் வாழும் விதத்தை மாற்றுகிறது.

கறுவாத்தோட்டத்தில் வளவு பெரிது, மதிலும் உயரம். பக்கத்து வீட்டு மௌத்து, வாகனங்கள் வந்து நின்ற பிறகுதான் தெரியும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் பழைய வீடுகள் போய்த் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. வடக்கிலிருந்து வந்த பல குடும்பங்களுக்கு இப்போது அதுதான் ஊர். வாழைத்தோட்டத்தில் வீடு சின்னது, அதனால் ஒழுங்கையே ஹோலாகிவிடுகிறது. உம்மா வேலைக்குப் போனாலும் பிள்ளையைப் பார்க்க நாலு வாசல் திறந்திருக்கும். கொம்பனித்தெருவில் 1786இல் எழுந்த வேகந்த ஜும்ஆப் பள்ளியைச் சுற்றி மலாயர், சோனகர், தமிழர், சிங்களவர் என்று எல்லோரும் கலந்தே வாழ்ந்தார்கள். இன்று அங்கே பெரிய கட்டடங்கள்.

2001இல் பொரளைப் பக்கம் சஹஸ்புர வந்ததிலிருந்து 'தோட்டத்து' மக்களை மாடிவீடுகளுக்கு மாற்றுவது நடக்கிறது. அதிலுள்ள நன்மையை மறைக்கக்கூடாது. சொந்த மலசலகூடம், வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர். அதன் பெறுமதி பொதுக் குழாயடியில் வரிசையில் நின்ற பெண்களுக்குத் தெரியும். ஆனால் வாசலில் இடியப்பம் அவித்து விற்ற தாய்க்குப் பத்தாம் மாடியில் யாவாரம் இல்லை. லிஃப்ட் நின்றுவிட்டால் வயதான வாப்பா ஜும்ஆவுக்கு இறங்க முடியாது. சுவர் கிடைத்தது, அயல் போய்விட்டது.

அந்த அயலை அரசாங்கம் கட்டித் தராது, அது நம் வேலை. மாடிவீட்டுக்குப் போன குடும்பங்களைப் பழைய மஹல்லாவின் பதிவிலிருந்து வெட்டாமல் வைத்திருப்போம். கீழ்த்தளத்தில் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கு ஓர் அறை கேட்போம்.

ஆசிரியர்களாகிய நாம் "கொழும்பு எத்தனை?" என்பதை விட்டுவிட்டு, "படிக்க எங்கே உட்காருவாய்?" என்று கேட்போம். "கட்டில் முனையில்" என்று பதில் வந்தால், பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் வகுப்பறையைத் திறந்து வைப்போம். அதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. அதிபரிடம் கேட்டு, முறை போட்டு இரண்டு ஆசிரியர்கள் நின்றால் போதும்.