டீசலா, பெட்ரோலா? உங்கள் வாரம்தான் பதில் சொல்லும்

2024 ஜூன் 10-க்கு முன்பு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். "பெரிய எஸ்யுவியா? டீசலே எடுங்க, எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்று காப்பிக் கடையிலேயே தீர்ப்பு வந்துவிடும். அன்றுதான் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. சபா, சரவாக்கில் பழைய விலை நீடித்தது.

உடனே தீர்ப்பும் மாறியது: "டீசல் காலம் முடிஞ்சுது!" அப்படியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரே அளவுள்ள இரண்டு சொகுசு எஸ்யுவிகள். டீசல் வண்டி 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டரும், பெட்ரோல் வண்டி 11 லிட்டரும் குடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம். பழைய விலையில் டீசலுக்கு 172 வெள்ளி, அன்று 2 வெள்ளி 5 காசாக இருந்த ரோன்95 பெட்ரோலுக்கு ஏறக்குறைய 226 வெள்ளி. புதிய விலையில் டீசல் 268 வெள்ளி. ஆக, பெட்ரோல் முந்திவிட்டது.

ஆனால், பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருப்பதைப் படியுங்கள். சில சொகுசு கார்களின் இன்ஜினுக்கு ரோன்95 போதும். சிலவற்றுக்கு அதைவிட உயர்ந்த ரகம் வேண்டும். அதே ஜூனில் ரோன்97 லிட்டர் 3 வெள்ளி 47 காசு. அதை ஊற்றினால் மாதச் செலவு 382 வெள்ளி. இப்போது டீசல் முந்துகிறது! 2025 செப்டம்பரில் தொடங்கிய பூடி95 திட்டத்தின் 1 வெள்ளி 99 காசு சலுகையும் ரோன்95-க்குத்தான். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வார விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

இதுவரை பேசியது எண்ணெய்க் காசு. பெரிய காசு வேறு இடத்தில் இருக்கிறது.

என் அத்தை மகன் இருப்பது கிள்ளானில், வேலை ஷா ஆலமில். பிள்ளைகளின் பள்ளி நான்கு கிலோமீட்டர். அப்பா, அம்மாவையும் சேர்த்து ஏற்ற ஏழு இருக்கை வேண்டும் என்று பழைய சொகுசு எஸ்யுவி தேடுகிறான். ஒரே ஆண்டில் வந்த இரண்டு வண்டிகள் அமைந்தன. டீசல் வண்டி 15,000 வெள்ளி மலிவு. முன்பணம் மாமாவின் இபிஎஃப் சேமிப்பிலிருந்து வருகிறது. மீதி ஒன்பது வருடக் கடன்.

நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "ஒரு வாரத்துல எத்தனை தடவை அரை மணி நேரம் நிக்காம ஓட்டுற?"

நவீன டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பட்டறையில் டிபிஎஃப் என்பார்கள். அது நிறைந்ததும், ஏறக்குறைய 600 டிகிரி சூட்டில் கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூடு வரவும் நிற்கவும் நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. பள்ளி, கடை, கோயில் என்று நான்கு நான்கு கிலோமீட்டராக ஓடும் வண்டியில் வேலை பாதியில் நின்றுவிடும். கரி சேரும், விளக்கு எரியும். எரியாத டீசல் இன்ஜின் எண்ணெயில் கலந்து அதைக் கெடுக்கவும் செய்யும். வடிகட்டியையே மாற்ற நேர்ந்தால் ஆயிரக்கணக்கில் போகும். மலிவாக வாங்கிய 15,000 அங்கே கரைய ஆரம்பிக்கும்.

அதே டீசல், வாரந்தோறும் ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போய் வருபவருக்குத் தங்கம். குடும்பமும் மூட்டை முடிச்சுமாக காராக் மலையில் ஏறும்போது, இன்ஜின் கத்தாமல் இழுக்கும் அந்த இழுவை டீசலுக்கே உரியது. பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி என்றால் மீட்டரில் கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். குறைவாக ஓடியும் ஊருக்குள்ளேயே ஓடிய டீசலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

புதுக் கார் கடைகளில் இந்தத் தேர்வே சுருங்கி வருகிறது. வோல்வோ தன் கடைசி டீசல் காரை 2024-இல் செய்து முடித்தது; அது ஓர் எக்ஸ்சி90 எஸ்யுவி. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் புதிய டீசல் கார்களைப் பதிவு செய்ய முடியாது. அதனால் இங்கே டீசல் எஸ்யுவி என்றாலே பெரும்பாலும் பழைய வண்டி அல்லது ரீகோன். பிறகு விற்கும்போது வாங்க ஆள் இருப்பாரா என்பதையும் யோசியுங்கள்.

டீசல்தான் என்று முடிவு செய்தால் மூன்றைப் பாருங்கள். ஒன்று, சர்வீஸ் பதிவு முழுமையாக இருக்கிறதா? இரண்டு, வடிகட்டி உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா? தொல்லை வேண்டாம் என்று அதை வெட்டி எடுத்துவிட்டு விற்பவர்களும் உண்டு. வெளிப் பட்டறையில் கணினியைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று, எந்த டீசல்? பல ஐரோப்பிய கார்களின் மூடியில் பி7 என்று போட்டிருக்கும். யூரோ 5 பி7 டீசல் எல்லா நிலையத்திலும் கிடைக்காது. விலையும் பி10-ஐவிடக் கூடுதல்.

கடைக்குப் போகும் முன் இரண்டு வாரம் கைத்தொலைபேசியில் குறித்து வையுங்கள்: எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் நெரிசலில் நின்றீர்கள். பட்டியல் முழுக்கக் குட்டிப் பயணங்கள் என்றால், விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் பெட்ரோல் பக்கமே நில்லுங்கள்.