தலைமை என்னும் குற்றச்சாட்டு

சமுதாயக் கல்லூரிகளைப் பற்றிய மேலாண்மை ஆய்வுகளில் ‘தலைமை’, ‘நிறுவன மாற்றம்’ என்னும் சொற்கள் மந்திரம்போல் ஓதப்படுகின்றன. அந்த மாற்றத்தில் யாரிடமிருந்து அதிகாரம் யாருக்குப் போகிறது என்று கேட்போர் சிலரே.

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியைப் பாருங்கள். 2012இல் அங்கீகார ஆணையம் கண்ட குறைகளில் பெரும்பாலானவை நிதியும் நிர்வாகமும் பற்றியவை. வகுப்பறையில் பாடம் நன்றாக நடக்கிறதா என்பது அங்கே மையக் கேள்வியே அன்று. நிதிநிலை நலிந்திருந்தது மெய்தான். மாநில அரசின் நிதிவெட்டுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆயினும் 2013 ஜூலையில் அங்கீகாரத்தை நீக்க ஆணையம் முடிவெடுத்ததும், நகர மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அறங்காவலர் குழுவின் அதிகாரம் பறிக்கப்பட்டு, மாநிலம் அமர்த்திய ஒற்றை மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்குப் பெயர் தலைமைச் சீர்திருத்தமாம்!

கட்டணம் குறைவு என்பதால் வேலைக்கிடையே படிப்போரும், ஆங்கிலம் கற்க வந்த குடியேறிகளும் நம்பியிருந்த கல்லூரி அது. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். 2015இல் நீதிமன்றம், சட்டத்தை மீறியது ஆணையமே என்றது. 2017இல் ஏழாண்டு அங்கீகாரம் உறுதியாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் படிப்பை விட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

இந்தியாவில் நாக் பல்லாண்டுகள் பயன்படுத்திய ஏழு அளவுகோல்களில் ஆறாவது, ஆளுகை, தலைமை, மேலாண்மை. அதற்குச் சான்றாக வைக்கப்படும் துறைக்கூட்டக் குறிப்பேடுகளுள் எத்தனை, குழு வருவதற்கு முந்தைய வாரத்தில், ஒரே பேனாவால் எழுதப்பட்டவை?