பட்டிப்பொலவில் ஒரு காற்றுத் தூரிகை

சென்ற சித்திரை விடுமுறையில் பட்டிப்பொலவிலுள்ள என் தமக்கையார் இல்லத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், நமது நாட்டுப் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்ததென்று பெயர் பெற்ற நிலையம் அது. மாலை நான்கு மணியாயிற்றென்றால் மூடுபனி தண்டவாளத்தை மறைத்துவிடும்; வீட்டார் யன்னல்களைச் சாத்திக்கொண்டு அடுப்பங்கரையை நாடுவர். அத்தகைய ஒரு மாலைப் பொழுதில் அங்கே நான் செய்த பிழையொன்றை வாசகர்களிடம் ஒப்புக்கொள்வதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம். பிள்ளைகள் மாதிரியுருக்கள் செய்து வர்ணம் பூசும் வீடுகளுக்கு இது பயன்படக்கூடும்.

என் மருமகன் பதினெட்டு வயது இளைஞன். கரட் தோட்டத்தில் தந்தைக்கு உதவிக்கொண்டே, ஓய்வு வேளைகளில் கடதாசி அட்டையால் ஒரு புகையிரத இயந்திரத்தைச் செய்துகொண்டிருந்தான். 1954 ஆம் ஆண்டிலே கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து வந்து சேர்ந்த டீசல் இயந்திரங்களுள் ஒன்று அது. ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களை அவை தாங்கியிருந்தன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது பேரலியவில் அகப்பட்ட வண்டியை இழுத்துச் சென்ற ‘மனிடோபா’வும் இவ்வினத்ததே. முதன்முதலாக இவ்வியந்திரங்கள் மலையேறிய காலத்தில் அவனுடைய பாட்டனார் சிறுபிள்ளை. பின்னர் அவர் தண்டவாளப் பராமரிப்பு வேலையிலேயே தமது ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தார். இப்போது கண்பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. பார்வை இருக்கும்போதே அந்த இயந்திரத்தை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது பேரனின் அவசரம்.

சாதாரணத் தூரிகையால் முதலில் பூசிப் பார்த்தான், பார்க்கச் சகிக்கவில்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அவன் செய்தது 76இல் ஒரு பங்கு அளவு. தூரிகை விட்டுச்செல்லும் பூச்சு ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு தடித்திருந்தால், உண்மையான இயந்திரத்தில் அது ஏழரை மில்லிமீற்றர்த் தடிப்புக்குச் சமம். ஆணித்தலைகளும் கதவு விளிம்புகளும் அதற்குள் புதைந்துபோகாமல் என் செய்யும்? (நமது ஐந்தடி ஆறங்குல அகலப் பாதை இவ்வளவில் 22 மில்லிமீற்றர் ஆகிறது. கடையில் விற்கும் விளையாட்டுத் தண்டவாளமோ பதினாறரை மில்லிமீற்றர். ஆகவே பாதையையும் அவனே செய்ய வேண்டியதாயிற்று. அது வேறு கதை.)

எனவே, ஒரு போகத்துச் சேமிப்பைக் கொண்டு ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகை ஒன்றை வாங்கியிருந்தான். நுளம்புக்கு மருந்தடிக்கும் பழைய கைப்பம்பைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். விரைந்து பாயும் காற்று மெல்லிய துவாரத்தின் வாயிலுள்ள வர்ணத்தை இழுத்துப் பனிப்புகையாகச் சிதறடிக்கிறது. அமெரிக்காவில் 1870களில் அப்னர் பீலர் என்பவர் இதற்கு வழிகோலினார். 1890களில் சார்ள்ஸ் பேர்டிக் அதனைத் திருத்தியமைத்து, பின்னர் இலண்டனிலும் தொழில் நடத்தினார். நிழற்படங்களைத் திருத்துவோரிடம் வழங்கிய கருவி பிற்காலத்தில் மாதிரியுருக் கலைஞரிடம் வந்து சேர்ந்தது.

கடைக்காரர் அவனுக்குக் கொடுத்தது 0.2 மில்லிமீற்றர் துவாரமுடையது. நுண்ணிய கோடுகளுக்கு அது சிறந்ததுதான். ஆனால் தொடக்கக்காரன் கையில் கணத்துக்குக் கணம் அடைத்துக்கொள்ளும். முதல் நாளிரவு வர்ணத்தைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு அவன் உறங்கிப்போனான். காலையில் ஊசி அசையவில்லை. கல்லூரியில் ஆசிரியனாக இருப்பவன் எதையும் அறிவான் என்ற நம்பிக்கையில், “மாமா, நீங்கள் கொஞ்சம் பாருங்கள்” என்று நீட்டினான். நானும் பார்த்தேன். ஊறவைத்துப் பொறுத்திருக்க வேண்டியதை விட்டு, சாவியை வைத்து முனைக்குழாயைத் திருகினேன். ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை. பாதிப் புரி உள்ளேயும் பாதி என் கையிலுமாக நின்றன. பையன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வருத்தமாயிருந்தது. அந்தக் குழாய்க்கு மாற்றுறுப்பு கிடைக்குமா என்று விசாரித்தால், அந்த வகை இனி வராது என்று விற்றவரே கையை விரித்தார். 2022 ஆம் ஆண்டில் ரூபா வீழ்ந்த பின்னர் இத்தகைய பொருள்களின் விலை எங்கே நிற்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இழப்பை ஈடுசெய்வது என் கடமையாயிற்று. இம்முறை வாங்குமுன் விசாரித்தோம். விசையை அழுத்தினால் காற்றும், பின்னிழுத்தால் வர்ணமும் வரும் இரட்டைச் செயல் வகையே பழகப் பழகக் கைக்கு அடங்கும். கிண்ணம் மேலே இருப்பின் வர்ணம் தன் எடையாலேயே இறங்கும். குறைந்த அழுத்தம் போதும். சில துளிகளோடும் வேலை நடக்கும். கீழே போத்தல் தொங்கும் வகை பெரிய பரப்புக்கு உகந்தது. துவாரம் 0.3 மில்லிமீற்றர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசியும் முனைக்குழாயும் தனியே விற்பனைக்கு உண்டா என்று கேட்டு, ஒரு சோடியைக் கூடவே வாங்கிக்கொண்டோம். பளபளப்புக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

காற்றழுத்தி இயந்திரத்தின் விஷயத்தில் மலைநாட்டார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பட்டிப்பொலவின் உயரத்தில் வளியின் அழுத்தம் கடற்கரையிலுள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. ஒவ்வோர் அடியிலும் இயந்திரம் உள்வாங்கும் காற்று அந்த அளவுக்குக் குறைவதால், தொட்டி நிரம்ப நேரமாகிறது, இயந்திரமும் சூடேறுகிறது. சூடான ஈரக்காற்று குழாயில் குளிர்ந்து நீராகி, வர்ணத்தோடு சேர்ந்து துப்பும். ஆதலின் தொட்டியும் நீர் வடிகலனும் இங்கே ஆடம்பரமல்ல. சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் அழுத்தமும், பால் பதத்தில் கரைத்த வர்ணமும் எங்களுக்குப் போதுமாயிருந்தன.

கழுவுதல்தான் பெரும்பாடு. வேலை முடிந்தவுடன் எஞ்சியதை ஊற்றிவிட்டு, நீர்வர்ணமாயின் நீரையும் பின்னர் அதற்குரிய கழுவுநீரையும் விட்டு, தெளிவாக வரும்வரை பீச்ச வேண்டும். இடையிடையே முனையைத் துணியால் மெல்லப் பொத்தினால் காற்று பின்னோக்கிக் குமிழியிட்டுக் கிண்ணத்தின் அழுக்கைக் கிளப்பும். பின்னர்ப் பூட்டுத் திருகைத் தளர்த்தி ஊசியைப் பின்புறமாக உருவி, அடியிலிருந்து நுனியை நோக்கிச் சுழற்றித் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் நுனி வளைந்துவிடும். உலர்ந்துபோயிருப்பின் முனையுறுப்புகளை மட்டும் ஊறவைத்தல் நன்று. கருவி முழுவதையும் தின்னரில் அமிழ்த்தினால் உள்ளேயிருக்கும் றப்பர் வளையங்கள் ஊதிப்போகும். முனைக்குழாயைத் திரும்பப் பூட்டும்போது விரல் நுனியின் பலமே போதும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் என் தமக்கையார் சிரிக்கிறார்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. குளிருக்கு அஞ்சி யன்னலைச் சாத்திய அறையில், அடுப்பு எரியும்போது, தின்னர் கலந்த வர்ணத்தை ஒருபோதும் பீச்ச விடாதீர்கள். அதன் ஆவி தீப்பற்றும். தூசுக்கென்று விற்கும் துணி முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது; கரி வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். நீர்வர்ணமானாலும் அதன் நுண்துளி நெஞ்சுக்கு ஆகாது. எங்கள் வீட்டில் பையன் விறகுக் கொட்டிலுக்குக் குடிபெயர்ந்தான். பனி இறங்குமுன், காலை பத்துக்கும் இரண்டுக்கும் இடையே மாத்திரம் வேலை.

ஆவணி விடுமுறைக்கு மீண்டும் நான் சென்றபோது இயந்திரம் ஆயத்தமாயிருந்தது. ஆணித்தலைகள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியனவாக நின்றன. பாட்டனார் அதனை வாசற்படிக்கு எடுத்துச் சென்று, வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்து, விரலால் கூரையைத் தடவி, நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார்.

“எல்லாம் சரி. இவ்வளவு சுத்தமாய் நான் ஒருநாளும் கண்டதில்லையே, ஐயா. ஒகியப் பக்கத்துச் சுரங்கத்தை விட்டு வரும்போது மேலெல்லாம் கரியாய் இருக்கும். புகை போதாது.”

பையன் என்னைப் பார்த்தான். நேரம் ஒன்றரை. கறுப்பில் நான்கு துளி, நீர் மிகுதியாக. கொட்டிலுக்கு இருவரும் நடந்தோம். புகைபோக்கியைச் சுற்றி மூன்று முறை மெல்லப் பீச்சினான். பின்பு ஊசியை உருவித் துடைத்து, முனைக்குழாயைக் கழற்றும் வேலையை என்னிடம் தராமல் தானே செய்துகொண்டான்.