கறி நம் சொல்தான்

‘கறி’ என்பது வெள்ளைக்காரர் நம் சமையலுக்கு ஒட்டிவிட்டுப் போன பெயர், அதை விட்டொழிக்க வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். இந்தியாவின் எண்ணற்ற பக்குவங்களை ஒரே பெயருக்குள் அடைத்து, ஒரு டப்பாப் பொடியாக்கி விற்றது காலனிக் காலம்தான்; அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சொல் அவர்களுடையது அல்ல. அகநானூற்றின் 149ஆம் பாடலில், முசிறிக்குப் பொன்னோடு வரும் யவனர் மரக்கலங்கள் ஏற்றிச் செல்லும் மிளகுக்குப் பெயரே கறி. கடித்து மெல்லுவதைக் கறித்தல் என்றது பழந்தமிழ். மிளகிட்டுச் சமைத்ததற்கும், பிறகு சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர் பரவியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

போர்த்துக்கீசியர் இதைக் ‘கரில்’ என்றார்கள். ஆங்கிலத்துக்கும் சொல் போய்ச் சேர்ந்தது. 1747இல் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் நூலில் ‘இந்திய முறைக் கறி’ இருக்கிறது. கோழியோ முயலோ துண்டு போட்டு, வெங்காயம், 30 மிளகு, ஒரு கரண்டி அரிசி சேர்க்கச் சொல்கிறார். கொத்தமல்லி விதையைச் சுத்தமான இரும்பு அகப்பையில் நெருப்பின் மேல் வறுத்து இடிக்க வேண்டும். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை. வறுத்து இடிக்கும் கைப்பக்குவமும் மிளகும் மட்டும் கடல் கடந்து போயிருக்கின்றன.

இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ‘ஃபார்ம் ஆஃப் க்யூரி’ என்ற சமையல் தொகுப்பு இருந்ததே என்று கேட்கலாம். அந்தக் ‘க்யூரி’ சமைத்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போவதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

இதைவிட வலுவான கேள்வி வேறு. அவர்கள் கறி என்பது நாம் குழம்பு என்பதைத்தானே, பிறகு அது எப்படி நம் சொல்லாகும்? பொருள் விலகியது உண்மை. ஆனால் நமக்குள்ளேயே அது ஒரே பொருளில் நிற்கவில்லை. தமிழகத்தில் பல வீடுகளில் கறி என்றால் இறைச்சி. சில வீடுகளில் வாழைக்காயை வதக்கினாலும் கறிதான். யாழ்ப்பாணத்தில் மீன்கறி, கத்தரிக்காய்க் கறி, தேங்காய்ப்பால் விட்ட பால்கறி எல்லாம் ஒரே தட்டில் சோற்றைச் சுற்றி வரும். இத்தனை பொருளையும் தாங்குகிற சொல்லை, வேறொருவர் ஒன்றாகச் சுருக்கினார் என்பதற்காக நாம் ஏன் இழக்க வேண்டும்? சந்தையில் காய்கறி வாங்கிவிட்டுக் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்பவர், அந்தச் சொல்லை ஒரே பேச்சில் இருமுறை சொல்லிவிடுகிறார். அவரிடம் போய், இது அந்நியர் வைத்த பெயர் என்று எப்படிச் சொல்வது?