தொட்டுப் படிக்கும் படிப்பு

அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி சர்வகலாசாலையில் யூதர்களின் கலைக்கும் வாழ்க்கைக்குமென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது. 1962-ல் அண்டை நகரமான ஓக்லாந்தில் ஒரு தம்பதியர் தொடங்கியது. 2010-ல் சர்வகலாசாலையுடன் சேர்ந்தது. அது தாங்கியிருக்கும் பெயர் ஜூடா மாக்னெஸ் என்பவருடையது. ஜெர்மனியிலுள்ள யூதர்கள் சத்தியாக்கிரகத்தைக் கைக்கொள்ள வேண்டுமென்று மகாத்மா 1938-ல் 'ஹரிஜன்' பத்திரிகையில் எழுதியபோது, மறு வருஷம் ஜெருசலத்திலிருந்து மிக்க மரியாதையோடும் மனவேதனையோடும் அவருக்குக் கடிதம் எழுதியவர்களுள் இவர் ஒருவர். வாய் திறந்தவன் எவரும் அறியாமல் இரவோடிரவாய் மறைந்துபோகும் நாட்டில் சத்தியாக்கிரகம் எங்ஙனம் இயலும் என்று கேட்டார். அது தனிக் கதை, நிற்க.

நாம் சொல்ல வந்தது அங்கே நடக்கும் ஒரு படிப்பைப் பற்றி. பி.ஏ. பட்டம் கூடப் பெறாத மாணாக்கரை ஆராய்ச்சியாளரிடம் பயிலாளராய்ச் சேர்த்துவிடும் ஏற்பாடு அச்சர்வகலாசாலையில் உண்டு. தச்சுப் பட்டறையில் பையனைச் சேர்ப்பது போலத்தான். வாரத்தில் சில மணி நேரம் வேலை. அதுவும் படிப்பாகவே கணக்கில் சேரும். காட்சிசாலையும் இப்படி மாணாக்கரை ஏற்றுக்கொள்கிறது.

வேலை எத்தகையது? யூதர்களின் விவாக ஒப்பந்தப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணமகன் மணமகளுக்குக் கடமைப்பட்டதை எழுதி, ஓரமெல்லாம் பூவும் கொடியும் தீட்டியிருப்பார்கள். வருஷம் எண்ணால் இராது. சொற்களால் விரித்து எழுதியிருக்கும்.  அதை எண்ணாக்கி, 3760-ஐக் கழித்தால் கிறிஸ்து வருஷம் வரும். ஆனால் அவர்கள் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால், அன்று முதல் டிசம்பர் முடிய 3761-ஐக் கழிக்க வேண்டும். கொல்லம் ஆண்டுக்கு 825 கூட்டுவதா, 824 கூட்டுவதா என்று நம் சாசன ஆராய்ச்சியாளர் மாதத்தைப் பார்ப்பதில்லையா, அதே சங்கடம். இருபது வயதுப் பிள்ளை இதில் ஒரு முறை தவறித் திருத்திக்கொண்டால், பிறகு ஆயுளுக்கும் எந்தத் தேதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டான். நாம் பத்து வருஷம் நோட்ஸ் சொல்லி எழுதவைத்தாலும் இந்தச் சந்தேக புத்தி வருமா?

அக்காட்சிசாலையில் நம் கொச்சி யூதர்களின் பொருள்களும் பல இருக்கின்றன. 2013-ல் கேரளத்தைப் பற்றித் தனிக் கண்காட்சியே வைத்தார்கள். மட்டாஞ்சேரியில் 1568-ல் ஜெபாலயம் கட்டிய அச்சமூகத்தாருள் மிகப் பெரும்பாலோர் 1950-க்குப் பின் இஸ்ரேலுக்குக் குடியேறிவிட்டார்கள். இது எந்த வீட்டு விளக்கு, எந்தப் பண்டிகைக்கு ஏற்றியது என்று சொல்ல ஊரில் ஆளில்லை. கேட்டு எழுதி வைக்காவிட்டால் அது வெறும் பித்தளை. அக்காரியத்தைக் கடல் கடந்த பிள்ளைகள் செய்கிறார்கள் என்பதில் நமக்குச் சந்தோஷமே. கொஞ்சம் வெட்கமும் உண்டு.

சுமார் கி.பி. 1000-ல் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகள் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. பாஷையும் தமிழுக்கு நெருங்கியதே. சரித்திரம் எடுத்துப் படிக்கும் நம் கலாசாலை மாணாக்கருள் வட்டெழுத்தில் தம் பெயரையேனும் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர்? சென்னையிலிருந்து கொச்சிக்கு ஒரு ராத்திரி ரயில் பிரயாணந்தான்.