தோளைக் கேட்டுத் தைக்க வேண்டிய பை

கோல்ப் ஆட்டத்தில் ஒரு மட்டை போதாது. பந்தைத் தொலைதூரம் விரட்ட ஒன்று. மணலிலிருந்து கிளப்ப ஒன்று. குழியருகே மெல்லத் தட்ட ஒன்று. இத்தனையையும் ஒரு நீளப் பையில் போட்டு, 18 குழிகளுக்கும் தூக்கிச் செல்ல வேண்டும். 6 கிலோ மீட்டருக்கு மேல் நடை!

முன்பு மட்டைக்குக் கணக்கே கிடையாது. அமெரிக்க வீரர் லாசன் லிட்டில் 31 மட்டைகள் வரை வைத்து ஆடினாராம். அடித்தவர் அவர். சுமந்தவர் வேறொருவர். அந்தக் காலத்தில் பை சுமந்தவர்களில் சிறுவர்கள் ஏராளம். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற பென் ஹோகனும் டெக்சாஸ் மாநிலத்தில் பை சுமந்த பையன்தான். 1938-ல் அமெரிக்காவிலும், மறு ஆண்டு பிரிட்டனிலும் "14 மட்டைக்கு மேல் கூடாது" என்று விதி வந்தது. தோள்கள் சற்றே மூச்சுவிட்டன.

பிறகு மோட்டார் வண்டி வந்தது. 1950-களில் அமெரிக்க மைதானங்களில் அது பெருகியது. சுமப்பது வண்டிதானே என்று பையும் பெருத்தது. நடப்பவர்களுக்காக 1986-ல் சன் மவுன்டன் என்ற அமெரிக்க நிறுவனம் கால் வைத்த பையைக் கொண்டு வந்தது. கீழே வைத்தால் இரண்டு கால்கள் விரியும். தூக்கினால் மடங்கிக் கொள்ளும். நல்ல யோசனை!

ஆனால், அதே பையை வண்டியில் ஏற்றினால் வம்பு. வண்டியின் வார் கால்களை நெருக்குகிறது. அடிப்பாகம் சரியாக உட்காராமல் பை திரும்பிக் கொள்கிறது. வேண்டிய உறையைத் திறக்க முடிவதில்லை.

இன்று நடந்து ஆடுபவரே நாளை வண்டியிலும் போகிறார். இரண்டு பை வாங்க எல்லோராலும் முடியுமா? ஆகவேதான் இரண்டுக்கும் பொதுவான பை தைக்கிறார்கள். அதன் அடிப்பாகம் தட்டையாக இருக்கும். வண்டியின் வார் நுழையத் தனி வழி உண்டு. மடங்கிய கால்களைக் கட்டி வைக்க ஒரு பட்டையும் உண்டு.

இங்கேதான் தைப்பவர் நிதானிக்க வேண்டும். ஓர் உறை கூட்டினால் ஒரு ஜிப்பு கூடும், எடையும் கூடும். தோல் அழகுதான், நைலானோ இலேசு. மட்டை, பந்து, தண்ணீர், குடை எல்லாம் சேர்ந்தால் 10 கிலோ தாண்டிவிடும். வண்டிக்கு அது ஒரு பொருட்டல்ல. முதுகுக்கு?

"உங்கள் விருப்பப்படி செய்து தருகிறோம்" என்கிறார்கள். நிறம் கேட்கிறார்கள். பெயரைப் பூவேலையில் பொறிக்கிறார்கள். பொறிக்கட்டும், தவறில்லை. ஆனால் முதலில் அளக்க வேண்டியது சுமப்பவரின் உயரத்தையும் தோளையும் அல்லவா? வார் இரண்டு தோளுக்குமா, ஒன்றுக்கா? எந்தத் தோள்? வாரத்தில் எத்தனை நாள் நடை, எத்தனை நாள் வண்டி? இவற்றைக் கேட்ட பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும் என்பது நமது கருத்து. மாதிரிப் பை ஒன்றில் 14 மட்டைகளையும் நிரப்பி, வாங்குபவரை நாலு குழி தூரம் நடக்கவிட்டுப் பார்க்கட்டும். பெயர் பொறிப்பதை அதற்குப் பிறகு வைத்துக் கொள்ளலாம்.