இந்தியக் குழந்தை என்று ஒன்று

சுதீர் காக்கர் 2024 ஏப்ரலில் காலமானார். குழந்தைப் பருவத்தையும் குடும்ப உறவுகளையும் ஆராய்வதில் அரை நூற்றாண்டைச் செலவிட்ட உளப்பகுப்பாய்வாளர். நம்மிடையே சிலர் அவரை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு தமிழ் நாவலில் மகன் தாயின் சொல்லைத் தட்டாவிட்டால் காக்கர், தட்டிவிட்டாலும் காக்கர். பிரதியைப் படிக்கிற சிரமம் மிச்சம். இதை விமர்சனம் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

காக்கரைக் குறைத்துச் சொல்வதல்ல என் நோக்கம். என்ஜினீயரிங் படித்தவர் அவர். காந்தியைப் பற்றி எழுதுவதற்காக அகமதாபாத் வந்திருந்த எரிக் எரிக்சனை 1964இல் சந்தித்தது அவர் திசையை மாற்றியது. பிராங்க்பர்ட்டில் பயிற்சி பெற்று 1975இல் டில்லியில் தொழிலைத் தொடங்கினார். 1978இல் வெளிவந்த 'தி இன்னர் வேர்ல்ட்' துணிச்சலான புத்தகம். தகப்பனுக்கும் மகனுக்குமான வியன்னாவின் மோதலை நம் சிறுவன் தலையில் அப்படியே சுமத்த அவர் மறுத்தார். இங்கே மையம் தாய் என்றார். புகுந்த வீட்டுக்கு அந்நியளாக வருகிறவளுக்கு மகன் பிறந்தால்தான் அந்தஸ்து. ஆகவே தன் வாழ்வையெல்லாம் அவன்மேல் கொட்டுகிறாள். நான்கைந்து வயதில் அவன் ஆண்களின் உலகத்துக்குள் தள்ளப்படுகிறான். அந்தப் பிரிவின் வடு ஆயுளுக்கும் ஆறுவதில்லை. ஒரு வகைக் குடும்பத்தின் கூர்மையான சித்திரம் இது. அதற்கு இந்தியா என்று பெயர் வைத்ததில்தான் வினை. நைபால் 1977இலேயே காக்கரின் கருத்தைத் துணைக்கு அழைத்து, இந்தியனின் அகம் வளர்ச்சி குன்றியது என்று ஒரு தேசத்துக்கே நோய்ச்சீட்டு எழுதினார்.

நான் இருப்பது உப்பூரில். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, உப்பளமும் சீமைக்கருவேலும் கடலும் சேர்ந்த ஊர். இங்கே மருமகள் அந்நியளா? அவள் மாமன் மகளாக இருக்கலாம். மாமியாரைப் பேச்சு வந்த நாளிலிருந்து 'அத்தை' என்று கூப்பிட்டவளாக இருக்கலாம். காது குத்துவதற்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமனைக் காக்கரின் குடும்பத்தில் எங்கே உட்கார வைப்பது? சிறுவனை ஆண்களின் உலகத்துக்குள் தள்ள முதலில் ஆண்கள் வீட்டில் இருக்க வேண்டும். அப்பன் கடலில் இருப்பான், அல்லது வளைகுடாவில். தாய் அளத்தில் உப்புச் சுமக்கப் போனால் கைப்பிள்ளையின் தூளியை ஆட்டுகிறவள் எட்டு வயது அக்காள். அந்த இடுப்பில் வளர்கிற பிள்ளைக்குத் தாய் யார்? தம்பியைச் சுமந்தே பிள்ளைமை தீர்ந்துபோன அவளுக்கு அக உலகம் கிடையாதா? தாயும் மகனும் என்று கோடு போட்ட பிறகு அவள் எந்தப் பக்கமும் இல்லை.

தமிழ்க் குடும்பம் ஒன்றில் வாழ்ந்து பார்த்து, அங்கே அன்பு எப்படிப் புழங்குகிறது என்று மார்கரெட் ட்ராவிக் 1990இல் ஒரு புத்தகம் எழுதினார். தாய் தன் அன்பைக் காட்டாமல் ஒளித்துவைப்பதையும், பிள்ளைகள் பல பெண்களின் கைகளில் வளர்வதையும், அண்ணன் தங்கையின் ஏக்கம் அவர்கள் பிள்ளைகளின் கல்யாணத்தில் நிறைவைத் தேடுவதையும் அவர் கண்டார். அடக்கம் என்ற நம் சொல்லையே அன்பின் ஒரு குணமாக எடுத்து விளக்கினார். நம்மவர்கள் அந்தச் சொல்லை நன்னடத்தைச் சான்றிதழுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

மாம்பழக் கதையில் உலகம் சுற்றப் போகாமல் நின்றுவிட்ட பிள்ளையாரைத் தாயை விட்டு நகராத சிறுவனாகக் காக்கர் பிற்பாடு வாசித்தார். அழகான வாசிப்பு. ஆனால் உப்பூர்ப் பிள்ளையாருக்குப் பெயர் வெயிலுகந்த விநாயகர். இங்கே அவர் தாய்மடியின் நிழலுக்கு ஏங்குகிறவரல்ல, வெயிலை விரும்பி ஏற்றவர். ஒரு தெய்வமே ஊருக்கு ஊர் வேறாக இருக்கும்போது குழந்தை மட்டும் எப்படி அகில இந்தியாவுக்கும் ஒன்றாக இருக்கும்?

காக்கரின் முடிவுகளைக் கடன் வாங்குவது சுலபம். அவர் காட்டிய அவநம்பிக்கையைக் கற்பதுதான் கடினம். வியன்னாவிடம் அவர் கேட்ட கேள்வியை நாம் டில்லியிடம் கேட்க வேண்டும். கதை எழுதுகிற நண்பர்களுக்கும் சொல்கிறேன்: அம்மாவைப் பற்றி உருகி உருகி எழுதியாயிற்று. தூளியை ஆட்டுகிற அந்த எட்டு வயதுக்காரியைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்?